பேஸ்மேக்கர் கம்பியை எடுத்த பிறகு: பெண்களுக்கு உண்மையில் என்ன ஆகிறது?

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருக்கும் வீடுகளில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "வெச்சதை எடுக்கவே கூடாது, எடுத்தா உயிர் போயிடும்" என்பது ஒன்று. "அதுவும் பொம்பளைங்களுக்கு ரொம்ப ஆபத்தாம்" என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் பயம். இரண்டாவதற்குப் பின்னால் மருத்துவ ஆய்வுகள் உண்டு, ஆனால் அவற்றில் பாதியைத்தான் மக்கள் கேட்டிருக்கிறார்கள்.

கம்பியை வெளியே எடுக்கும் சிகிச்சையில் இரண்டு வெவ்வேறு காலங்கள் இருக்கின்றன. அறுவை மேசையிலும் அதையடுத்த சில நாட்களிலும் நடப்பது ஒன்று. வீட்டுக்குப் போன பிறகு வருடக்கணக்கில் நடப்பது மற்றொன்று. முதல் காலத்தில் பெண்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல்தான். இரண்டாவது காலத்தில் பெரும்பாலான ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. ஏன் இப்படி என்று முதலிலிருந்து பார்ப்போம்.

## பெட்டி வேறு, கம்பி வேறு

பேஸ்மேக்கரில் முக்கியமாக இரண்டு பாகங்கள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் சின்ன உலோகப் பெட்டி ஒன்று. பேட்டரியும் மின்சுற்றும் அதற்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பி, பெரிய சிரைக்குள் நுழைந்து, இதயத்தின் வலப்பக்க அறைகள்வரை போகும் கம்பி இன்னொன்று. டாக்டர்கள் இதை 'லீட்' என்பார்கள். உள்ளே மின்கம்பிச் சுருள், வெளியே சிலிகான் அல்லது பாலியூரிதேன் உறை, மொத்தத் தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டர்.

பேட்டரி பத்து வருடம் போலத் தாங்கும். தீர்ந்ததும் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். பழைய கம்பியைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டிவிடுவார்கள், அது இருந்த இடத்திலேயே இருக்கும். இது சிறிய சிகிச்சை. "எங்க மாமாவுக்கு மாத்தினாங்களே, மறுநாளே வந்துட்டாரே" என்று சொல்பவர்கள் பார்த்தது இதைத்தான். கம்பியை எடுப்பது முற்றிலும் வேறு வேலை.

ஐசிடி என்றொரு கருவியும் உண்டு. இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் நிலைக்கு வரும்போது, உள்ளேயே மின் அதிர்ச்சி கொடுத்து மீட்பது இதன் வேலை. மிஷெல் மிரோவ்ஸ்கி குழுவினரின் முயற்சியால் 1980-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த முதல் நோயாளி ஒரு பெண். இன்றோ ஐசிடி வைத்திருப்பவர்களில் பெரும்பான்மை ஆண்கள். மாரடைப்பால் இதயத்தசை பலவீனமானவர்களுக்கே இது அதிகம் தேவைப்படுகிறது, அந்தக் கூட்டத்தில் ஆண்கள் அதிகம் என்பது ஒரு காரணம். தகுதியுள்ள பெண்களுக்கும் இது குறைவாகவே பரிந்துரைக்கப்படுகிறது என்பது இன்னொரு காரணம். இந்த விவரம் நீண்டகாலக் கணக்குக்கு வரும்போது தேவைப்படும்.

## ஏன் எடுக்க வேண்டி வருகிறது

முதல் காரணம் கிருமித் தொற்று. பெட்டி வைத்த இடம் சிவந்து வீங்கலாம், சீழ் கட்டலாம், தோலைக் கிழித்துக்கொண்டு பெட்டியின் ஓரம் வெளியே தெரியலாம். சிலருக்கு வெளியே எதுவும் தெரியாமல் விட்டுவிட்டுக் காய்ச்சல் மட்டும் வரும். பாக்டீரியாக்கள் கம்பியின் மேல் வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்கின்றன. மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதனால் ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கும், நிறுத்தியதும் திரும்ப வரும். பெட்டி, கம்பி எல்லாவற்றையும் வெளியே எடுப்பதுதான் தீர்வு, இதில் மருத்துவ வழிகாட்டுதல்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

ஆனாலும் எடுக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் மெடிகேர் அரசுக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், கருவியில் தொற்று வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட கம்பியை எடுத்திருக்கவில்லை. முதல் ஆறு நாட்களுக்குள் எடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. "எடுத்தால் ஆபத்து" என்று தள்ளிப்போடுபவர்கள் எடுக்காமல் விடுவதன் ஆபத்தையும் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மற்ற காரணங்கள் இவ்வளவு அவசரமானவை அல்ல. கம்பி முறியலாம், உறை தேயலாம், சிரை அடைபட்டுப் புதுக் கம்பிக்கு வழியில்லாமல் போகலாம். சில வேளை தயாரிப்பிலேயே குறை இருக்கும். மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற ஐசிடி கம்பிகள் முறிகின்றன என்று தெரிந்து 2007-ல் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. இத்தகைய சூழலில், தொற்று இல்லையென்றால், பழைய கம்பியை உள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைச் செலுத்தும் வழியும் உண்டு.

சுருக்கமாக: பெட்டி மாற்றுவது எளிது, கம்பி எடுப்பது கடினம். தொற்று வந்தால் எடுத்தே ஆக வேண்டும், மற்றவற்றில் யோசிக்க இடமுண்டு.

## கம்பி ஏன் எளிதில் வராது

கொல்லைப்புறத்தில் துணி காயப்போட வேப்பமரத்தில் ஒரு கம்பியைக் கட்டி இருபது வருடம் அப்படியே விட்டிருப்பார்கள். மரம் பருத்துக் கம்பியை விழுங்கியிருக்கும். இழுத்தால் கம்பி மட்டும் வராது, பட்டையும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும். இதயத்துக்குள் போன கம்பிக்கும் இதுதான் நடக்கிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, சுற்றிலும் நார்த்திசுவைக் கட்டுகிறது. வருடங்கள் போகப் போக அந்தத் திசு தடித்து, சில இடங்களில் சுண்ணாம்பு படிந்து கல் போல ஆகிவிடுகிறது. கம்பி நுழையும் சிரை, இதயத்துக்கு மேலேயுள்ள பெருஞ்சிரை, இதய அறையில் நுனி பதிந்த இடம் ஆகிய மூன்றிலும் ஒட்டு பலமாக இருக்கும்.

வைத்து ஒரு வருடத்துக்குள் என்றால், பெரும்பாலும் திருகைக் கழற்றி மெதுவாக இழுத்தாலே வந்துவிடும். ஒரு வருடத்தைத் தாண்டிய கம்பியை எடுப்பதையும், தனிக் கருவிகள் போட்டு எடுப்பதையும்தான் 'லீட் எக்ஸ்ட்ராக்ஷன்' என்கிறார்கள். கம்பியின் நடுத்துளைக்குள் ஒரு மெல்லிய பிடிகம்பியைச் செலுத்தி நுனிவரை இறுகப் பற்றிக்கொள்வார்கள். பிறகு கம்பிக்கு மேலாக ஒரு குழல் உறையை ஏற்றி, ஒட்டியிருக்கும் திசுவை அறுத்துக்கொண்டே முன்னேறுவார்கள். அறுப்பதற்கு உறையின் முனையில் புறஊதா லேசர் இருக்கும், அல்லது சுழலும் உலோக விளிம்பு இருக்கும்.

எல்லாரும் அஞ்சும் இடம் பெருஞ்சிரை. மிக மெல்லிய சுவர் அதற்கு. அது கிழிந்தால் சில நிமிடங்களில் மார்புக்குள்ளோ இதய உறைக்குள்ளோ இரத்தம் நிரம்பிவிடும். அதனால்தான் இதய அறுவை நிபுணர் தயாராக இருக்கும் இடத்தில் இதைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். கிழிசலை உள்ளிருந்தே தற்காலிகமாக அடைத்து நேரம் வாங்கித்தரும் பலூன் ஒன்று 2016 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

## மேசையில் பெண்களுக்கு ஏன் கூடுதல் சிக்கல்

இந்த வகைக் கேள்விகளுக்குப் பதில் தேட 'பதிவேடு' என்ற ஏற்பாடு உதவுகிறது. பல மருத்துவமனைகள் ஒரே மாதிரிப் படிவத்தில், தங்களிடம் வரும் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் முடிவையும் எழுதிச் சேர்ப்பதுதான் பதிவேடு. ஐரோப்பாவில் 'எலெக்ட்ரா' என்ற பதிவேட்டில் 19 நாடுகளின் 73 மையங்கள் சேர்ந்தன. 3,500-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் 2017-ல் வெளியாயின. சிகிச்சையால் நேர்ந்த பெரிய சிக்கல் 1.7 சதவீதம், சிகிச்சையால் நேர்ந்த இறப்பு 0.5 சதவீதம். இதே பதிவேட்டில் பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது அவர்களுக்குச் சிக்கல் கூடுதலாக இருந்தது. கம்பியை வெற்றிகரமாக எடுத்து முடிப்பதில் ஆண், பெண் வித்தியாசம் ஏதும் பெரிதாக இல்லை. ஐசிடி வைத்த அமெரிக்கர்கள் 11,000-க்கும் மேற்பட்டோரின் பதிவேட்டிலும், மற்ற காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், பெண் என்பது சிக்கலுக்கான முன்னறிகுறிகளில் ஒன்றாக நின்றது.

காரணம் என்ன? பெரும்பங்கு உடலளவு. சராசரியாகப் பெண்களுக்குச் சிரை குறுகலானது, இதயத்தின் வலது கீழறைச் சுவர் மெல்லியது. ஆனால் கம்பியும் உறையும் எல்லாருக்கும் ஒரே தடிமன்தான். ஒடிசலான மரத்தில் அதே கம்பி இன்னும் ஆழமாகத்தானே புதையும்? அமெரிக்க லேசர் ஆய்வு ஒன்றில் உடல் எடைக் குறியீடு 25-க்குக் கீழே இருந்தவர்களிடம், ஆணோ பெண்ணோ, வெற்றி விகிதம் குறைந்தது. கம்பியை எடுக்கும்போது மட்டுமல்ல, வைக்கும்போதே நுரையீரலில் காற்றுக் கசிவு, இதயச் சுவரில் துளை போன்ற சிக்கல்கள் பெண்களிடம் அதிகம் என்று டென்மார்க்கின் தேசியத் தரவுகள் காட்டியிருக்கின்றன.

அடுத்தது கம்பியின் வயது. பிறவியிலேயே இதய மின்னோட்டம் தடைபட்டவர்களுக்குச் சிறுவயதிலேயே பேஸ்மேக்கர் வைத்துவிடுவார்கள். நாற்பது வயதில் அவர்களிடம் இருப்பது பழைய கம்பி, சில வேளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தலைமுறைக் கம்பிகள். பெண்களின் ஆயுள் ஆண்களைவிட நீளம் என்பதால், முதுமையில் வைத்த கம்பியும் அதிக காலம் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. பத்து வருடம் தாண்டினாலே வேலை கடினமாகிவிடுகிறது.

ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஐசிடி கம்பி பேஸ்மேக்கர் கம்பியைவிடத் தடிமனானது. அதிலுள்ள அதிர்ச்சிச் சுருள்களின் இடுக்குகளுக்குள் திசு வளர்ந்து புகுந்துவிடுவதால் எடுப்பதும் கடினம். அதிகம் அதைச் சுமப்பவர்கள் ஆண்கள். அப்படிப் பார்த்தால் ஆண்களுக்கல்லவா சிக்கல் கூட வேண்டும்? கூடவில்லை. உடலளவும் கம்பியின் வயதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

## "இரண்டு மடங்கு" என்று கேட்டால்

"பெண்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு" என்ற வாக்கியம் பயமுறுத்தக்கூடியது. எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். கணக்குக்காக மட்டும் ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம்: ஆண்கள் நூறு பேரில் ஒருவருக்குப் பெரிய சிக்கல், பெண்கள் நூறு பேரில் இரண்டு பேருக்கு. இரண்டு மடங்கு என்பது சரி. ஆனால் 98 பெண்கள் சிக்கலின்றி மேசையைவிட்டு இறங்குகிறார்கள் என்பதும் அதே அளவு சரி. முதலாவதை 'ஒப்பீட்டு ஆபத்து' என்றும் இரண்டாவது மாதிரியை 'உண்மை ஆபத்து' என்றும் வைத்துக்கொள்ளலாம். செய்தித் தலைப்புக்கு முதலாவது வசதி. முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு இரண்டாவதுதான் உதவும்.

இதுவரை பார்த்தது மேசை பற்றி. பெண்களுக்கு அங்கே கூடுதல் ஆபத்து உண்டு, அது சிறிய எண்ணின் கூடுதல், பெரும்பாலும் சிறிய சிரையும் பழைய கம்பியும்தான் காரணம்.

## வருடங்கள் கழித்து

நீண்டகால முடிவு என்று ஆய்வுகள் சொல்வது பெரும்பாலும் ஒன்றைத்தான்: இத்தனை வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். முதல் மாதத்தைத் தாண்டிய பிறகு நேரும் இறப்புகளுக்குக் கம்பியை எடுத்த சிகிச்சை அநேகமாகக் காரணம் அல்ல. பழைய இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், முதுமை, இரத்தத்தில் கலந்த தொற்று விட்டுப்போன பாதிப்பு ஆகியவைதான் காரணம். தொற்றுக்காகக் கம்பி எடுக்கப்பட்டவர்களின் ஆயுள், முறிந்த கம்பிக்காக எடுக்கப்பட்டவர்களின் ஆயுளைவிடக் குறைவு என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வரும் முடிவு. தொற்று பெட்டியிருக்கும் இடத்தோடு நிற்காமல் இதயவால்வு வரை போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இப்போது அந்தக் கூட்டத்துக்குள் ஆணையும் பெண்ணையும் வைத்துப் பாருங்கள். தொற்று வந்தவர்களில் ஆண்கள் அதிகம். அடைபட்ட இதயத் தமனி, பலவீனமான இதயத்தசை, ஐசிடி எல்லாமே ஆண்களிடம் அதிகம். பெண்களில் அதிகம் பேர் சாதாரண பேஸ்மேக்கர்காரர்கள், கம்பி பழுதானதால் வந்தவர்கள், இதயத்தசை ஓரளவு நன்றாக இருப்பவர்கள். ஆக, மேசையின் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பெண்களின் கூட்டம் நீண்ட ஓட்டத்தில் பின்தங்காததில் ஆச்சரியமில்லை. சில தொகுப்புகளில் அவர்களே முன்னால் இருக்கிறார்கள்.

இதற்காக "பெண் உடல் தாங்கும்" என்று முடிவுகட்டினால் அது எதிர்ப்பக்கத் தவறு. இங்கே 'குழப்பும் காரணி' என்ற கருத்து வேண்டும். நாம் ஒப்பிடும் இரண்டு கூட்டங்களுக்குள் வேறொரு வித்தியாசம் ஒளிந்திருந்து, முடிவைத் தானே தீர்மானித்துவிட்டு, பழியையோ பெருமையையோ நம் கேள்வியின்மேல் போட்டுவிடுமானால் அதுதான் குழப்பும் காரணி. பலவீனமான இதயம் ஆண்களின் கூட்டத்தில் அதிகம் இருந்தால், ஆண் என்பதால் இறந்ததுபோலக் கணக்கு காட்டும். ஆய்வாளர்கள் வயது, இதயத்தசையின் பலம், சிறுநீரகம், தொற்று எல்லாவற்றையும் சமன்செய்து மறுபடி ஒப்பிடுவார்கள். அப்போது ஆண், பெண் இடைவெளி சுருங்கிவிடுகிறது, பல நேரங்களில் மறைந்தே போகிறது.

இன்னொரு எச்சரிக்கை. எலெக்ட்ராவில் பெண்கள் நான்கில் ஒருவர் என்ற அளவுதான், மற்றப் பதிவேடுகளிலும் ஆண்களே அதிகம். சிறிய கூட்டத்தில் இரண்டு மூன்று நிகழ்வுகள் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் ஆடும். பதிவேட்டுக்குள் வருபவர்கள் சிகிச்சை மேசைவரை வந்தவர்கள் மட்டுமே. ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அந்தக் கணக்கில் வராது.

ஆக, நீண்டகால ஆயுளைத் தீர்மானிப்பது கம்பியை எதற்காக எடுத்தார்கள் என்பதும் இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதும்தான். ஆணா பெண்ணா என்பது அந்த வரிசையில் பின்னால் வருகிறது.

## ஆயுள் மட்டும் கணக்கல்ல

உயிரோடு இருப்பதை எண்ணுவது சுலபம். எப்படி இருக்கிறார்கள் என்பதை எண்ணுவது கடினம், அதனால் அதைப் பற்றிய பேச்சும் குறைவு. ஆனால் பெண்கள் கவனிக்க வேண்டிய நீண்டகால விஷயம் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூவிதழ் வால்வு உண்டு. கீழறைக்குப் போகும் கம்பி அதன் ஊடாகவே செல்கிறது. வருடக்கணக்கில் கம்பி வால்வின் இதழோடு ஒட்டிக்கொண்டிருந்தால், எடுக்கும்போது இதழோ அதைத் தாங்கும் நாணோ கிழியலாம். கிழிந்தால் இரத்தம் பின்னோக்கிக் கசியும். மேசையில் இது உயிரை எடுப்பதில்லை, சிலருக்குத் தெரியவே தெரியாது. மாதங்கள், வருடங்கள் கழித்துக் கால்வீக்கம், வயிற்று உப்புசம், களைப்பு என்று தலைகாட்டும். இந்த வால்வுச் சேதத்தை ஆராய்ந்த ஒரு பிரெஞ்சுக் குழு, லேசர் உறை பயன்படுத்தியதோடு பெண்ணாக இருப்பதையும் அதற்கான ஆபத்துக் காரணியாகக் கண்டது. கால்வீக்கத்தை "வயசாச்சு" என்று விட்டுவிடாமல், எடுத்த உடனேயும் சில மாதங்கள் கழித்தும் எக்கோ ஸ்கேன் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த கருவி என்ன என்பதும் நீண்டகால முடிவில் ஒரு பங்கு. முதல் கேள்வியே மறுபடி கருவி வேண்டுமா என்பதுதான், சிலருக்கு வேண்டியதில்லை. வேண்டுமென்றால், தொற்று வந்தவர்களுக்கு இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு மறுபக்கத்தில் வைப்பார்கள். கம்பியே இல்லாமல் மாத்திரை அளவில் இதயத்துக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்றது. கம்பி ஒட்டிக்கொள்ளும் தொல்லை அதில் இல்லை. ஆனால் தொடையின் சிரை வழியாகத் தடித்த குழாயில் கொண்டுபோய் இதயச் சுவரில் பொருத்த வேண்டும். சுவர் துளைபடும் ஆபத்து சிறிய உடல்வாகு கொண்டவர்களிடமும் பெண்களிடமும் அதிலும் சற்றுக் கூடுதல்தான். பழைய கதையே வேறு வாசல் வழியாக வருகிறது.

## டாக்டரிடம் கேட்க

"பெண் என்பதால் ஆபத்தா?" என்று கேட்டால் டாக்டரால் ஒரு சராசரியைத்தான் சொல்ல முடியும். உள்ளே எத்தனை கம்பிகள், ஒவ்வொன்றும் எத்தனை வருடமாக இருக்கிறது, ஐசிடி கம்பியா சாதாரணக் கம்பியா, தொற்றுக்காக எடுக்கிறோமா பழுதுக்காகவா என்று கேட்டால் உங்கள் வீட்டு நோயாளிக்கான பதில் கிடைக்கும். இந்தக் குழு வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறது, அன்றைக்கு இதய அறுவை நிபுணர் அதே கட்டடத்தில் இருப்பாரா என்றும் தயங்காமல் கேளுங்கள். அனுபவம் குறைந்த இடங்களில் முடிவுகள் மோசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊரில் செய்யாவிட்டால் பெரிய மையத்துக்கு அனுப்பச் சொல்வதில் தவறில்லை.

போகும்போது கருவி வைத்தபோது கொடுத்த அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அதில் பெட்டியின் தேதியும் கம்பியின் தேதியும் தனித்தனியாக இருக்கும். பெட்டி போன வருடம் மாற்றியதாக இருக்கலாம், கம்பிக்கு இருபது வயதாகியிருக்கலாம். அட்டை தொலைந்திருந்தால், முதலில் வைத்த மருத்துவமனையின் பதிவுகளிலிருந்து கம்பியின் மாடல் பெயரையும் தேதியையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.